தோட்டா வெடிக்காமல் போனால் பிரைமரை மட்டும் பழிக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் சென்ற ஞாயிறன்று, போட்டி ரைஃபிள்களில் தோட்டா வெடிக்காமல் போவதைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். குறிபார்த்துச் சுடும் விளையாட்டைப் பற்றித் தமிழில் எழுதுவோரே குறைவு. அதிலும் ரைஃபிளின் உள்ளமைப்பைத் தொட்டு எழுதத் துணிபவர் மிகக் குறைவு. அதற்காக முதலில் நன்றி. ஆனால் அக்கட்டுரை கூறிய இரண்டு கருத்துகளை அப்படியே விட்டுவிட மனம் ஒப்பவில்லை. தோட்டா வெடிக்கவில்லை என்றால் பெரும்பாலும், அதன் அடியில் இருந்து தூளைப் பற்றவைக்கும் சிறு கிண்ணமான பிரைமர்தான் கெட்டிருக்கும் என்பது ஒன்று. அதற்கும் சரியாகாவிட்டால், பிரைமரை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின்னைத் தள்ளும் ஸ்பிரிங்கை இன்னும் வலுவானதாக மாற்றிவிட்டால் போதும் என்பது மற்றொன்று. ஒரு நிறுவனத்தின் ரிசீவர் (போல்ட் ஓடும் உடற்பகுதி), இன்னொரு நிறுவனத்தின் டிரிகர், வேறோர் இடத்தில் கடைந்த பேரல் (குழல்), தனியாக வாங்கிய ஸ்டாக் (தாங்குகட்டை) எனப் பலவற்றைச் சேர்த்துப் பொருத்திய, ஒவ்வொரு சூட்டுக்கும் போல்ட் என்ற உருளையைக் கையால் திறந்து மூடும் கஸ்டம் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில், இந்த இரண்டு கருத்துகளையும் நம்பி ஒரு போட்டிப் பருவத்தையே இழந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பிரைமர் எப்படிப் பற்றிக்கொள்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். அதன் கிண்ணத்துக்குள் அடி பட்டால் வெடிக்கும் கலவை அழுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. கலவைக்கு மேல் சிறிய பட்டடை ஒன்று அமர்ந்திருக்கிறது. ஃபயரிங் பின்னின் முனை கிண்ணத்தைக் குழித்து, கலவையைப் பட்டடைமேல் வைத்து நசுக்கும்போதுதான் தீ பிறக்கிறது. சம்மட்டிக்கும் பட்டடைக்கும் நடுவில் வைத்த பொருள்போல அந்தக் கலவை இரண்டு பக்கமும் பிடிபட வேண்டும். பின் வேகமாக வர வேண்டும், போதிய ஆழத்துக்கு எட்ட வேண்டும், பட்டடை பின்னால் நகராமல் நிற்க வேண்டும், கிண்ணத்தின் தடிப்பு பின்னின் வலுவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இவற்றில் எது குறைந்தாலும் நம் காதில் விழுவது அதே ‘கிளிக்’தான். ஒலி ஒன்றாக இருப்பதால் காரணமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிடுகிறோம்.

என் ரைஃபிள் .308 வின்செஸ்டர் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது. புதிதாக வந்தபோது நூறு தோட்டாக்களில் ஒன்றுகூடத் தவறவில்லை. ஸ்டாக்கை மாற்றிய சில வாரங்களுக்குப் பிறகு, இருபதுக்கு ஒன்று, சில நாட்களில் பத்துக்கு ஒன்று என வெடிக்காமல் போகத் தொடங்கியது. நானும் கட்டுரையாளரைப் போலவே பிரைமரைத்தான் குற்றவாளியாக்கினேன். ஒரு பெட்டியை ஒதுக்கிவிட்டு வேறு பெட்டி வாங்கினேன். பிறகு வேறு நிறுவனத்தின் பிரைமருக்கு மாறினேன். தவறுகள் குறைந்தன, ஆனால் நிற்கவில்லை. அடுத்து, ஏறத்தாழ 24 பவுண்டு விசை கொண்ட ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு 28 பவுண்டு ஸ்பிரிங்கைப் போட்டேன். ‘கிளிக்’ என்ற ஒலி அநேகமாக நின்றுவிட்டது. நானும் நிம்மதியடைந்தேன். ஆனால் 300 மீட்டரில் என் குழுக்கள், அதாவது இலக்கில் விழுந்த துளைக் கூட்டங்கள், மேலும் கீழுமாக நீண்டு கிடந்தன. பக்கவாட்டில் எந்த விலகலும் இல்லை. அதற்கு என் மூச்சையும் காற்றையும் காரணம் காட்டிக்கொண்டிருந்தேன்.

உண்மையை வெளிக்கொணர்ந்தவர் என் நண்பர் ஒருவர். அவர் போல்ட்டை ஓங்கி அடித்து மூடுகிற பழக்கமுடையவர். அதற்காக அவரை நான் பல முறை கடிந்துகொண்டதுண்டு. ஒருநாள் பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டுச் சோதித்தபோது, அவர் சுட்ட தோட்டாக்கள் எல்லாம் வெடித்தன. அதே பெட்டியிலிருந்து எடுத்து நான் சுட்டவற்றில் மூன்று வெடிக்கவில்லை. ஆளுக்கு ஆள் மாறுகிற குறை பிரைமரில் இருக்க முடியாது. அவர் கைப்பிடியை அடிமட்டம்வரை அழுத்தி மூடினார், நான் மென்மையாக மூடினேன் என்பது ஒன்றே இருவருக்கும் இருந்த வேறுபாடு. கைப்பிடியின் அடிப்பகுதியில் விளக்குக் கரியைத் தடவி மூடிப் பார்த்தபோது, புதிய ஸ்டாக்கில் அதற்காக வெட்டிய பள்ளத்தின் ஓரத்தில் கருமை ஒட்டிக்கொண்டு வந்தது. தாள் ஒன்றின் தடிப்புக்கு மேல் இருக்காது. அந்த அளவுக்குக் கைப்பிடி முழுதாக இறங்காமல் மரத்தில் தட்டி நின்றுகொண்டிருந்தது.

கைப்பிடி முழுதாக இறங்காவிட்டால் ஃபயரிங் பின்னுக்கு என்ன ஆகிறது என்று கேட்கலாம். பின்னின் வாலில் காக்கிங் பீஸ் என்ற துண்டு இருக்கிறது. போல்ட்டைத் தூக்கும்போது, போல்ட்டின் பின்பகுதியில் வெட்டியுள்ள சரிவு அந்தத் துண்டைப் பின்னால் தள்ளுகிறது. மூடும்போது டிரிகரின் கொண்டி அதைப் பிடித்துக்கொள்கிறது. போல்ட் முழுதாக மூடியிருந்தால், டிரிகரை இழுத்ததும் அந்தத் துண்டு தனக்கென வெட்டிய பள்ளத்துக்குள் எதையும் தொடாமல் நேராக விழும். முழுதாக மூடாவிட்டால் அது முதலில் சரிவில் மோதி, போல்ட்டைத் திருப்பி மூடும் வேலையைச் செய்துவிட்டு, எஞ்சிய வலுவோடுதான் பிரைமரை அடிக்கும். எஞ்சிய வலு எப்போதும் ஒரே அளவாக இருக்காது. அதனால்தான் சில தோட்டாக்கள் வெடித்தன, சில வெடிக்கவில்லை. வெடித்தவையும் ஒரே சீராகப் பற்றாமல், குண்டின் வேகம் மாறி மாறிக் குழு மேலும் கீழும் நீண்டது. வலுவான ஸ்பிரிங் செய்ததெல்லாம் அந்தக் குறையைக் காதுக்குக் கேட்காமல் மறைத்ததுதான்.

ஸ்டாக்கின் அந்த ஓரத்தை ரைஃபிள் பழுதுபார்ப்பவர் சிறிதளவு இழைத்துக் கொடுத்தார். வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதங்கள் ஆயின.

என் கதையில் கைப்பிடி தட்டியதைப் போலவே, கஸ்டம் ரைஃபிளில் பொருத்துமிடங்கள் பலவும் பின்னின் வலுவை இப்படித் திருடக்கூடியவை. முன் ஆக்‌ஷன் திருகு, அதாவது ரிசீவரை ஸ்டாக்கோடு இணைக்கும் திருகு, ஓர் இழை நீளமாக இருந்தால் அதன் நுனி, போல்ட்டைப் பூட்டும் பற்களான லக்குகள் ஓடும் பாதைக்குள் எட்டிப் பார்க்கும். ஸ்கோப்பின் முன் திருகும் அப்படியே செய்யக்கூடும். ஸ்டாக்கின் உட்புறம் டிரிகரின் உறையை நெருக்கினால் கொண்டி சரியாக அசையாது. போல்ட்டின் பின்மூடிக்குள் காக்கிங் பீஸ் ஒரு பக்கமாக உரசினால் அங்கும் வலு குறையும். இவற்றைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. தோட்டா அமரும் அறையான சேம்பர் காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, ஆக்‌ஷனை ஸ்டாக்கிலிருந்து கழற்றி வைத்து, வெறுமனே டிரிகரை இழுத்து, கைப்பிடி அசைகிறதா என்று உற்றுப் பாருங்கள். அசைந்தால் காக்கிங் பீஸ் பள்ளத்தின் ஏதோ ஒரு சுவரைத் தொடுகிறது என்று பொருள். ஸ்டாக்கில் இருக்கும்போது அசைந்து, கழற்றியபின் அசையாவிட்டால் குறை ஸ்டாக்கில்தான் இருக்கிறது. கருமை தடவிப் பார்ப்பதும் இதே வேலையைச் செய்யும். எந்த இடத்தில் கருமை அழிகிறதோ அந்த இடத்தில் உரசல் இருக்கிறது.

டிரிகரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதை மாற்றாத கஸ்டம் ரைஃபிளே கிடையாது எனலாம். கொண்டி எந்த இடத்தில் காக்கிங் பீஸைப் பிடிக்கிறது என்பது டிரிகருக்கு டிரிகர் சிறிது வேறுபடும். அது முன்பக்கமாக நகர்ந்திருந்தால் பின் விழும் தூரம் குறைந்துவிடும். ரெமிங்டன் 700 வகை ஆக்‌ஷன்களில் நல்ல பற்றவைப்புக்கு இந்தத் தூரம் ஏறத்தாழ 0.240 அங்குலம் இருக்க வேண்டும் என்று அனுபவமிக்க ரைஃபிள் பழுதுபார்ப்பவர்கள் கருதுகிறார்கள். அது 0.190 ஆகக் குறைந்தால், ஸ்பிரிங் அதேதான் என்றாலும், பிரைமருக்குப் போய்ச் சேரும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைத் ‘தவ்’ என்னும் லேத் பட்டறைக் கணக்கில் ஐம்பது ‘தவ்’. கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. டிரிகர் மாற்றிய மறுவாரத்திலிருந்து தொல்லை தொடங்கியது என்று யாராவது சொன்னால், நான் பிரைமரைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்க மாட்டேன்.

பின்னின் முனை போல்ட்டின் முகத்திலிருந்து எவ்வளவு வெளியே நீள்கிறது என்பதையும் அளந்துவிட வேண்டும். தோட்டாவின் அடியில் நடுவே பிரைமர் உள்ள சென்டர்ஃபயர் ரைஃபிள்களில் அது பொதுவாக 0.050 முதல் 0.065 அங்குலம்வரை இருக்கும். ஆழம் அளக்கும் மைக்ரோமீட்டர் இருந்தால் ஒரு நிமிட வேலை. ஆனால் அந்த எட்டம் முழுவதும் பிரைமருக்குக் கிடைப்பதில்லை. தோட்டாவின் அடிப்பகுதிக்கும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி அதிலிருந்து கழிந்துவிடும். 0.055 அங்குலம் நீளும் பின், இடைவெளி 0.010 ஆக இருந்தால், உண்மையில் 0.045 மட்டுமே எட்டுகிறது. போதாததற்குத் தோட்டாவும் அடியை வாங்கிக்கொண்டு முன்னால் நழுவி விடுகிறது. இந்த இடைவெளி பெரும்பாலும் சேம்பரின் குறையாக இருப்பதில்லை. தோட்டாவைத் தாமே திரும்ப நிரப்பும் போட்டியாளர் கூட்டைப் பழைய அளவுக்கு நெருக்கும் அச்சான சைசிங் டையை அளவுக்கு மீறி இறக்கி, பித்தளைக் கூடு கழுத்தை நோக்கிக் குறுகும் இடமான தோளைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறார். போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்குத் தோளை 0.001 அல்லது 0.002 அங்குலம் தள்ளினாலே போதும். அளக்காமல், ‘டை தட்டும்வரை இறக்கு’ என்ற பழைய வாய்மொழியைப் பின்பற்றுவோர்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள்.

பிரைமர்மீது பழி போட்டே ஆக வேண்டுமென்றால், அது செய்யப்பட்ட தொழிற்சாலையைவிட, அது குழிக்குள் அமர்த்தப்பட்ட விதத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிரைமர் கூட்டின் அடிமட்டத்திலிருந்து 0.003 முதல் 0.005 அங்குலம்வரை உள்ளே இருந்தால், பட்டடையின் கால்கள் குழியின் தரையில் ஊன்றியிருக்கும். குழியில் எரிகரி படிந்திருந்தாலோ, அமர்த்தும்போது கை தயங்கினாலோ, பிரைமர் உயர்ந்தே நிற்கும். அப்போது பின்னின் முதல் அடி பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். இரண்டாவது அடியில் அது வெடிக்கும். இரண்டாவது அடியில் வெடித்தால் பிரைமர் கெட்டதில்லை என்பதற்கு அதுவே சாட்சி. கெட்ட பிரைமர் பத்து முறை அடித்தாலும் வெடிக்காது.

கிண்ணத்தின் தடிப்பிலும் வேறுபாடு உண்டு. சிறிய ரைஃபிள் பிரைமர்களில் சிலவற்றின் கிண்ணம் 0.020 அங்குலத் தடிப்பும், அதிக அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை 0.025 அங்குலத் தடிப்பும் உடையவை. போதுமா போதாதா என்ற எல்லையில் நிற்கும் வலுவோடு அடிக்கும் ரைஃபிள் மெல்லிய கிண்ணத்தை வெடிக்கச் செய்து, தடித்த கிண்ணத்தில் தோற்றுவிடும். பிரைமரை மாற்றியதும் என் தவறுகள் குறைந்ததற்கு விளக்கம் இதுபோன்ற வேறுபாடாகத்தான் இருக்க வேண்டும். நான் குணப்படுத்திவிட்டதாக எண்ணியது நோயின் அறிகுறியை மட்டுமே. பெரிய கூட்டில் சிறிய பிரைமர் வைக்கும் வகைத் தோட்டாக்களை, பற்றுவதற்குக் கடினமான உருண்டை வகைத் தூளோடு கடுங்குளிரில் சுட்டால், தாமதித்து வெடிக்கும் தொல்லை வரக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

குளிர் என்றதும் நினைவுக்கு வருகிறது: போல்ட்டின் உள்ளே கெட்டியாகிப்போன கிரீஸ் எத்தனையோ ரைஃபிள்களை ஊமையாக்கியிருக்கிறது. கிரீஸ் போட வேண்டிய இடம் லக்குகளின் பின்பக்கமும், காக்கிங் சரிவும்தான். ஸ்பிரிங் ஓடும் குழாய் துடைத்து உலர்ந்திருக்க வேண்டும். அக்கறை மிகுந்தவர்களின் ரைஃபிளில்தான் இந்தக் குறையை அதிகம் கண்டிருக்கிறேன்; அக்கறையில்லாதவர் உள்ளே எண்ணெய் விடுவதே இல்லை.

.22 ரிம்ஃபயர் ரைஃபிளில் சுடுவோர்க்கு இவற்றில் பாதி பொருந்தாது. அங்கே பிரைமர் தனியாக இல்லை. கலவை தோட்டாவின் விளிம்புக்குள் சுழற்றிப் பரப்பப்பட்டிருக்கிறது. வெடிக்காத தோட்டாவைச் சிறிது திருப்பி வைத்து மறுபடி சுட்டால் வெடிக்கிறதென்றால், முதலில் அடிபட்ட இடத்தில் கலவை போதாமல் இருந்திருக்கலாம். ஆனால் பின் விழுந்த தடம் ஆழமின்றி இருந்தால் சேம்பரின் வாயைப் பாருங்கள். காலி சேம்பரில் பலமுறை டிரிகரை இழுத்துப் பழகியவரின் ரைஃபிளில், பின்னின் முனை அந்த விளிம்பிலேயே அடித்து அடித்துச் சிறு பள்ளம் விழுந்திருக்கும். அடியைத் தாங்க வேண்டிய விளிம்பு அங்கே இல்லாததால் தோட்டா நசுங்குவதில்லை.

இவ்வளவு காரணங்களுக்கு நடுவில் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், வெடிக்காத தோட்டாவை எறிந்துவிடாமல் வைத்துக்கொள்வதிலிருந்துதான் என்பேன். பின்னின் தடம் ஆழமாக, நடுவில் விழுந்திருந்தும் வெடிக்கவில்லையென்றால், பிரைமரையோ அது அமர்ந்த விதத்தையோ சந்தேகிக்கலாம். தடம் மேலோட்டமாக இருந்தால் சந்தேகம் ரைஃபிள்மேல் திரும்புகிறது. அதே பெட்டித் தோட்டாக்களை, அதே அளவுச் சேம்பர் உள்ள வேறு நல்ல ரைஃபிளில் சுட்டுப் பார்ப்பது அடுத்த படி. தூளும் குண்டும் இல்லாமல் பிரைமர் மட்டும் அமர்த்திய கூடுகள் சிலவற்றை ரேஞ்சில், காதுக்கு உறையிட்டு, பாதுகாப்பான திசையில் சுட்டுப் பார்ப்பது எனக்குப் பிடித்த சோதனை. அதில் ஓர் உபரி ஆதாயமும் உண்டு: உள்ளே அழுத்தம் இல்லாததால் பிரைமர் பின்னுக்கு நழுவிப் போல்ட்டின் முகத்தைத் தொட்டு நின்றுவிடுகிறது, அது எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது என்று அளந்தால், நான் மேலே சொன்ன இடைவெளி எவ்வளவு என்பது தெரிந்துவிடும். எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். நான் பிரைமரையும் டையின் அமைப்பையும் ஒரே நாளில் மாற்றிய ஒரு வாரத்தின் குறிப்புகள் இன்றுவரை எதற்கும் பயன்படவில்லை.

ஸ்பிரிங்கை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஸ்பிரிங் தளரும், பல்லாயிரம் முறை அமுங்கியெழுந்தது நீளத்தில் குறுகியிருந்தால் அதே விசையுள்ள புதியதைப் போடுவதே முறை. தேவைக்கு மீறிய வலுவுள்ளதைப் போட்டால் போல்ட்டைத் தூக்குவது கடினமாகும், பின் விழும்போது ரைஃபிள் அதிரும், டிரிகரின் கொண்டிமேல் சுமை கூடி இழுக்கும் எடை மாறும். மெல்லிய இழுப்புக்காகப் பணம் கொடுத்து டிரிகர் வாங்கியவர் இதை எதற்காகச் செய்ய வேண்டும்? டிரிகரையும் பின்னையும் தாமே அரம் போட்டுத் திருத்த முனைவது இன்னும் பெரிய தவறு. அவற்றை உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிட வேண்டும்.

கடைசியாக, ஆசிரியர் அவர்களே, திருத்தமாக வெளியிட வேண்டிய ஒரு வரி கட்டுரையில் இருக்கிறது. வெடிக்காவிட்டால் உடனே போல்ட்டைத் திறந்து தோட்டாவை வெளியே தள்ளிவிட்டு அடுத்ததைச் சுடலாம் என்று அது கூறுகிறது. பிரைமர் தாமதித்துப் பற்றியிருந்தால், போல்ட் திறந்த நிலையில் கூடு வெடித்து, பித்தளைத் துண்டுகள் சுடுபவரின் முகத்துக்கே வரும். ‘கிளிக்’ என்று மட்டும் கேட்டால் பேரலை இலக்கை நோக்கியே வைத்து, குறைந்தது 30 வினாடிகள் காத்திருக்க வேண்டும். சில ரேஞ்சுகளில் விதி அதைவிடக் கூடுதலாகவும் இருக்கும். அதேபோல வழக்கத்துக்கு மாறாக மெல்லிய ஓசை மட்டும் கேட்டு, உதைப்பு இல்லாவிட்டால், குண்டு பேரலுக்குள்ளேயே சிக்கியிருக்கக்கூடும். போல்ட்டைக் கழற்றி, பேரலின் உள்ளே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் அடுத்த தோட்டாவைச் சுடவே கூடாது. கட்டுரை வந்த அதே பக்கத்தில் இந்தத் திருத்தத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குறிபார்த்துச் சுடும் தங்கள் வாசகர் ஒருவர்